கை நனைத்தல்

1988 கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ராஜபாளையத்திலிருந்து ஒரு வேனில் 14 பேர் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் ஜமுக்காளம் விரித்து, பால்கோவாவும் சாத்தூர்ச் சேவும் தட்டுத் தட்டாக எடுத்து வைத்திருந்தோம். யாரும் தொடவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடிந்து சம்மதமான பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள்.

"பேசி முடிச்சிட்டே சாப்பிடுவோம்" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

நான் காப்பித் தட்டை நீட்டிவிட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் பவுன் கணக்கு ஓடியது. அவர்கள் 20 என்றார்கள், அப்பா 12 என்றார். பித்தளை அண்டா எத்தனை, குத்துவிளக்கு எத்தனை என்று போய், நடுவில் ஒரு முறை குரல் உயர்ந்து, யாரோ சமாதானம் சொல்லி, கடைசியில் 15ல் வந்து நின்றது. ஒன்றரை மணி நேரம். சாம்பார் ஆறிவிடுமே என்று அம்மா இரண்டு முறை அடுப்பை மூட்டினாள். பிறகு அப்பா அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இலையைப் போடுங்க."

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதை நான் தெரிந்துகொண்டது அந்த ஒரு வார்த்தையில்தான். 14 பேருக்கும் நானும் சேர்ந்து பரிமாறினேன். அவர்கள் போன பிறகு வீட்டு ஆண்கள் சாப்பிட்டார்கள். அம்மாவும் நானும் உட்கார்ந்தபோது மணி நாலு.

பிடித்திருக்கிறதா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் அப்பா கொடுமைக்காரர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் தூங்காதவர். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆச்சிக்கு 1931ல் கல்யாணம். பெண்ணுக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்ற சாரதா சட்டம் முந்தின வருடம் ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆச்சிக்கு அப்போது வயது 12. சட்டம் எங்கள் தெருவுக்கு வரவில்லை, வந்திருந்தாலும் யாரும் அதற்குத் திண்ணையில் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். தாலி கட்டி நாலாம் நாள்தான் தாத்தா முகத்தைச் சரியாகப் பார்த்தேன் என்பாள். அம்மாவுக்கோ சொந்தத் தாய்மாமன். தொட்டிலில் கிடக்கும்போதே "இவ அவனுக்கு" என்று சொல்லியாயிற்று. சொந்தத்தில் கட்டுவது இன்றும் ஒன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள்ளேயே மணமுடித்தவர்கள். பிறந்த அன்றே முடிவான காரியத்தில் அபிப்பிராயம் கேட்க ஏது இடம்? அந்த வீட்டில் வளர்ந்தவர் என் அப்பா.

பெண் பார்த்துவிட்டுப் போன மறு மாதம் மார்கழி. எங்கள் ஊரில் மார்கழி என்றால் அது எங்கள் வீட்டு விசேஷம் மாதிரி. விடியுமுன் திருமுக்குளத்துப் பக்கம் பனி இறங்கியிருக்கும். ஈரத் தலையோடு கோயிலுக்குப் போவோம். திருப்பாவை முப்பதும் எங்களுக்கு மனப்பாடம். "நல்லாப் பாடுங்கடி, நல்ல மாப்பிள்ளை கிடைக்கும்" என்று பெரியவர்கள் சொல்லித்தான் அனுப்புவார்கள். பகல்பத்துத் தொடக்கத்தில் ஆண்டாள் தன் பிறந்தகத்துக்கு, பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டுக்கு எழுந்தருள்வாள். பச்சை பரப்புதல் என்று பெயர். வாசலிலிருந்து உள்ளே வரை கத்தரி, பூசணி, வாழை, கரும்பு என்று காய்கறியும் கனியும் குவித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். வந்த மகளுக்குத் திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் கொடுப்பார்கள். கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் எப்படி வரவேற்க வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் ஒரு பாடம் கிடையாது.

அந்த மார்கழியில்தான், நிச்சயமான பெண்ணாக நின்றுகொண்டு, ஆண்டாள் கதையை முதல் முறையாக யோசித்துப் பார்த்தேன். அவள் நந்தவனத்துத் துளசியடியில் கிடைத்த குழந்தை. சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக் கிணற்று நீரில் அழகு பார்த்தவள். அந்தக் கண்ணாடிக் கிணறு இன்றும் கோயிலில் இருக்கிறது. மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன், அரங்கனைத்தான் கட்டுவேன் என்று அவளே தன் வாயால் சொன்னாள். நாச்சியார் திருமொழியின் 143 பாட்டிலும் ஆசைப்படுகிறவள் அவள், ஏங்குகிறவள் அவள், கோபப்படுகிறவளும் அவளே. வைணவ வீட்டுக் கல்யாணங்களில் ஓதுகிற வாரணமாயிரம், ஒரு பெண் தன் கல்யாணத்தைத் தானே கனவு கண்டு தோழியிடம் சொல்வது. கல்யாணப் பெண்ணைக் கேட்காமல் முடித்த கல்யாணத்திலும் அதையேதான் ஓதுகிறார்கள்.

மகளை முதலில் கடிந்துகொண்டவர் பெரியாழ்வார். சூடிய மாலையைச் சாமிக்குச் சாத்துவதா என்று பதறினார். பிறகு, அவள் சூடியதுதான் எனக்கு வேண்டும் என்று பெருமாளே சொன்னதும் மனம் மாறினார். அவள் விருப்பத்தைக் கேட்டு, அதற்குச் செவி கொடுத்து, ஸ்ரீரங்கத்துக்குத் தாமே அழைத்துப் போய் விட்டுவந்தார். எங்களை ஆண்டாள் மாதிரி இருக்கச் சொல்லி ஆயிரம் பேர் சொன்னார்கள். பெரியாழ்வார் மாதிரி இருக்கச் சொல்லி எந்தத் தகப்பனிடமும் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

1989 தை மாதம் எனக்குக் கல்யாணம். சட்டமன்றத் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்ததால் மைக் செட் தட்டுப்பாடு தீர்ந்தது என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார். ஊரெல்லாம் "பக்கத்து ஊருதானே, கூப்பிட்ட குரலுக்கு வந்திரலாம்" என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் 11 கிலோமீட்டர்தான். ஏறி உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் மம்சாபுரம் விலக்குப் போய்விடும்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறுவதற்கு முதலில் அத்தையிடம் கேட்க வேண்டும். அத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டும். ஒரு மில்லில் கணக்கு வேலை பார்த்தார் அவர். சம்பளக் கவரை அத்தை கையில் கொடுப்பார். எனக்கென்று ஒரு ரூபாய் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்குமே தோன்றவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொன்ன அன்று, அவர் ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். 11 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று அன்று தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன் நான் டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் முடித்திருந்தேன். "எதுக்கு வேலை, இங்க என்ன குறை?" என்றார்கள். குறை ஒன்றும் இல்லைதான். சோறு இருந்தது, துணி இருந்தது. விடிகாலை மில் சங்கு ஊதும்போது எழுந்தால், எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மிச்சத்தில் நானும் அத்தையும் சாப்பிடும்போது இரவு பத்து. அரிசி ஊறும்போதும் பால் காயும்போதும் அடுப்பு மேடையில் என் விரல்கள் தாமாக ஏ, எஸ், டி, எஃப் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "என்னடி தாளம் போடுற?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் நல்லாப் பூத்தையல் போடுவேன், தெரியுமா?" என்றாள். அந்த வீட்டில் அவள் தைத்த ஒரு தலையணை உறைகூட நான் பார்த்ததில்லை.

ஆடி பிறந்ததும் அண்ணன் வந்து என்னை அழைத்துப் போனான். புதுப் பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது வழக்கம். எங்கள் ஊரில் அது ஆடிப்பூரத் திருவிழாக் காலமும்கூட. ஏழாம் திருநாள் இரவு கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை. ஆண்டாள் உட்கார்ந்திருக்க, அவள் மடியில் ரெங்கமன்னார் படுத்திருப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த காட்சிதான். ஆறு மாதம் அந்த வீட்டில் இருந்துவிட்டு வந்து பார்த்தபோது நெஞ்சை அடைத்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உலகத்தையே காக்கிறவர் அவளை நம்பிக் கண்ணயர்ந்திருக்கிறார். புருஷன் பெண்சாதி ஒற்றுமைக்கு அந்தச் சேவையைப் பார்க்க வேண்டும் என்று சுற்று வட்டாரமே வந்து நிற்கும். கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், பெண்கள் ஆண்களுக்குச் சோறு போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார்கள்.

எனக்குத் தாலி ஏறி ஏழு வாரத்தில், 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நாட்டின் பல மாநிலங்கள் அதை யோசிக்காத காலம். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன மகளுக்குப் பங்கு கிடையாது. என்னோடு டைப்ரைட்டிங் படித்த தோழிக்கு அந்த வருடம் வைகாசியில் கல்யாணம். அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை. 2005ல் மத்திய அரசின் திருத்தம் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கும் கதவு திறந்தது. மகளுக்குப் பிறப்பாலேயே அந்த உரிமை உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

சட்டம் திறந்த கதவை வீட்டில் மூடுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். அப்பா காலமான மறு வருடம், அண்ணன் கார் வைத்து என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனான். வேப்பமர நிழலில் பத்திர எழுத்தர் படித்துக் காட்டினார். எனக்குச் சேர வேண்டிய பாகத்தை மனப்பூர்வமாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் விட்டுக் கொடுக்கிறேன் என்று இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை என்பது உண்மைதான். "உனக்கு எது வேணும்னாலும் அண்ணன் இருக்கேன்லா" என்று முதல் நாள் அவன் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. மதினி எனக்குப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் ஆடிக்கும் பொங்கலுக்கும் அந்த வாசல் எனக்கு இல்லை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போட்டேன். இடது பெருவிரல் ரேகையும் வைத்தேன். இங்கிலீஷ் ஹையர் அடித்த விரல்.

நான் வாழ வந்த ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா என்று ஒரு பெரியவர் இருந்தார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தம் வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தார், அது இன்று காந்தி கலை மன்றமாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்: ஊருக்கே வீட்டைக் கொடுக்க மனது வந்த மண்தான் இது. பெற்ற மகளுக்கு ஒரு பங்கு கொடுக்க ஏன் கை நடுங்குகிறது?

இன்றைக்கு என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால், மனது நிறையத்தான் செய்கிறது. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டை நான் இன்னும் பர்ஸில் மடித்து வைக்கிறேன். யாரிடமும் கேட்காமல், யாரிடமும் காசு வாங்காமல், நினைத்தபோது ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். எனக்குக் கல்யாணமான அதே 1989ல்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. எட்டாவது படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணச் செலவுக்கு 5,000 ரூபாய். பின்னால் தாலிக்கு 4 கிராம் தங்கம், பிறகு 8 கிராம் என்று வளர்ந்தது. 2022 செப்டம்பரிலிருந்து அந்த அம்மையார் பெயரிலேயே புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய பெண்மணியின் பெயர் தாலித் தங்கத்திலிருந்து புத்தகத்துக்கு மாற 33 வருடம் ஆனது. எங்கள் தெருவில் ஒரு பெண் அந்தப் பணத்தில் நர்சிங் படிக்கிறாள்.

அவளுடைய அம்மா அந்த வயதில் நூற்பாலை விடுதியில் இருந்தவள். சுமங்கலித் திட்டம் என்று சொல்வார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்குத் தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துப் போனார்கள். மூன்று வருடம் விடுதிக்குள்ளேயே கிடந்து வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக 30,000, 40,000 ரூபாய், கல்யாணத்துக்கு. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் குற்றத்துக்கான பணத்தைப் பெண் பிள்ளையே பஞ்சுத் தூசியில் இருமி இருமிச் சம்பாதித்தாள். இவள் பாதியில் உடம்பு முடியாமல் திரும்பியதால் மொத்தப் பணமும் வரவில்லை. மகளுக்கு அந்த 1,000 ரூபாய் வந்த அன்று வங்கிக் குறுஞ்செய்தியை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்ததும், மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

மாறாதது ஒன்று இருக்கிறது. தரகர் கைப்பை போய், மேட்ரிமோனி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பயோடேட்டா வருகிறது. ஆனால் முதல் கட்டத்தில் சாதி, அடுத்த கட்டத்தில் உட்பிரிவு, அதற்கடுத்து குலம், கோத்திரம், நட்சத்திரம். துளசியடியில் கிடைத்த கோதைக்கு இதில் எந்தக் கட்டத்தையும் நிரப்ப முடிந்திருக்காது. அந்தக் கட்டத்துக்கு வெளியே ஒரு பெண் கை நீட்டினால் என்ன ஆகும் என்பதை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பார்த்தோம். கௌசல்யாவைக் காதலித்து மணந்த தலித் இளைஞர் சங்கர், கடைத்தெருவில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் கல்யாணம் பார்க்கக் கூட்டத்தில் முண்டியடிக்கிற நாம், அவள் செய்ததையே நம் வீட்டுப் பெண்ணிடம் கண்டால் ஏன் இப்படிப் பதறுகிறோம்?

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். 2023 தையில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஐந்து பேர்தான். அதற்கு முன்பே இருவரும் போனில் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா பழைய வழக்கப்படி, "பேசி முடிச்சிட்டுக் கை நனைப்போம்" என்றார்.

மகள் சமையலறைக்குள் போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். "மாமா, ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. சாப்பிடுங்க. சாப்பிட்டா சம்மதம்னு நாங்க யாரும் நினைச்சிக்கிட மாட்டோம்" என்றாள். அவர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். எல்லாரும் ஒரே பந்தியாக உட்கார்ந்தோம். எனக்கும் ஒரு இலை போட்டாள். என் வாழ்க்கையில் ஒரு விசேஷத்தில் சூடான சாம்பார் சாப்பிட்டது அன்றுதான்.

பிறகு இருவரும் மாடியில் பேசினார்கள். இறங்கி வந்த மகளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு சொன்னாள். "நல்ல பையன்தாம்மா. ரெண்டு பேரும் காலைல எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினா யாரு சமைப்பான்னு கேட்டேன். அவங்கம்மா வந்து கூட இருப்பாங்கன்னு சொல்றான். அந்தம்மாவுக்கு மூட்டு வலி. சேரைப் பிடிச்சிட்டு எந்திரிச்சாங்க, பார்த்தியா? எனக்கு வேண்டாம்."

நான்தான் பயந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "சாதகத்தை இன்னொருத்தர்ட்ட பார்த்தோம், பொருந்தலன்னு சொல்லிருங்க." எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது அதுதான். பெண் வேண்டாம் என்றாள் என்று சொன்னால் பெண்ணுக்குத் திமிர் என்று பெயராகும். செவ்வாயும் சனியும் நமக்காக அந்தப் பழியைச் சுமக்கும்.

அவர் கொஞ்ச நேரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். 34 வருடத்துக்கு முன்பு வேனில் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கை நனைத்துவிட்டுப் போன மனுஷன். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எம் மக வேண்டாம்னு சொல்லிருச்சுங்க. உங்க பையன் மேல ஒரு குறையும் இல்ல. சாதகமெல்லாம் நல்லாப் பொருந்தத்தான் செய்யுது. அவளுக்கு ஒத்து வரல, அதான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு போனை அந்த அம்மா வாங்கினாள்.

"நீங்களாவது நெசத்தைச் சொன்னீங்களேண்ணே. இதுக்கு முன்ன மூணு எடத்துல சாதகம்னுதான் சொன்னாங்க. என்னன்னே தெரியாமப் பரிகாரம் பண்ணிட்டுத் திரியிறோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அக்கா இருந்தாக் குடுங்களேன்" என்றாள்.

நான் போனை வாங்கி அடுப்படித் திண்டில் உட்கார்ந்தேன். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளும் இப்படித்தான் ஏதேதோ கேட்கிறாளாம். என்ன கேட்கிறாள் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம்.